மோட்டாரை நிறுத்தியாச்சு மேடம்

எனக்கு ஹைட்ராலிக்ஸ் தெரியாது என்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு வருஷமும் ஐந்து நாளும் ஆயின. எட்டு வருஷம் வேலை பார்த்தது, ஐந்து நாள் பயிற்சி எடுத்தது. (அந்த ஐந்தில் நாலே முக்கால் நாள்வரை தெரியவில்லை.)

எண்பதுகளின் நடுவில் உழவர்கரைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எண்ணெயை அழுத்தி, அந்தப் பலத்தில் தகரத்தை நசுக்கி டப்பா மூடி செய்யும் நாலு பிரஸ் மெஷின்கள் அங்கே இருந்தன. ஏதாவது நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைப் பம்ப்பில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். ஒன்றும் புரியாது. ஆனால் சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிறகு பம்ப்பைக் கழற்றுவேன். எந்தக் கோளாறானாலும் பம்ப்பைத்தான் கழற்றுவேன். கழற்றித் துடைத்து மாட்டினால் பாதி நேரம் மெஷின் ஓடிவிடும். ஏன் ஓடுகிறது என்று நானும் கேட்டதில்லை, அதுவும் சொன்னதில்லை.

மேனேஜர் ஒருநாள் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு, சென்னையிலிருந்து ஆள் வந்து கோளாறு கண்டுபிடிக்கச் சொல்லித்தரப் போவதாகவும், நன்றாகச் செய்கிறவருக்குத்தான் காலியாக இருக்கும் சூப்பர்வைசர் வேலை என்றும் சொன்னார். அந்த நாற்காலியில் மனதளவில் நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குக் காரணம் என் மாமனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. இந்தோசீனாவில் சண்டை போட்டவர். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று மகள் கௌரி ஒற்றைக்காலில் நின்றதால் எனக்குப் பெண் கொடுத்தவர். என்னைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே ஃபிட்டர்’ என்றுதான் கூப்பிடுவார். அந்த ‘ஃபிட்டர்’ அவர் வாயில் ஏதோ தோல் வியாதியின் பெயர் மாதிரி ஒலிக்கும்.

பயிற்சி கொடுக்க வந்தவர் வசந்தா மேடம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். காட்டன் புடவைக்கு மேல் காக்கிக் கோட்டு. கேன்டீன் ஹாலில் இரும்பு மேசை ஒன்றை இறக்கி, அதில் மோட்டார், பம்ப், வால்வு, சிலிண்டர், குழாய் எல்லாம் பூட்டினார். பொம்மைக் கடை மாதிரி இருக்கிறதே என்று நான் கபூர் பாயின் காதில் சொன்னேன். கபூர் பாய் என் கூட்டாளி. பேச்சு குறைவு, நோட்டுப் புத்தகம் உண்டு.

முதல் நாள் மேடம் என்னைத்தான் கேட்டார். பிரஸ் மெதுவாக இறங்குகிறது, முதலில் என்ன செய்வீர்கள்? பம்ப்பைக் கழற்றுவேன் என்றேன். கபூர் பாய் மெதுவாகச் சொன்னார்.

“நல்லவேள ஏழுமல, நீ டாக்டருக்குப் படிக்கல. தலவலின்னு வந்தவனுக்குத் தலையக் கழட்டியிருப்ப.”

எண்ணெய் அளவைப் பார், ஃபில்டரைப் பார், கேஜில் அழுத்தம் எவ்வளவு என்று பார், கடைசியில்தான் ஸ்பேனரை எடு என்றார் மேடம். தினமும் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அதை எங்களை ஒப்பிக்கவும் வைத்தார். நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேசையோரத்தில் கறுப்பாக, குட்டி கேஸ் சிலிண்டர் போல நின்ற ஒன்றைப் பற்றிப் பாடம். அதன் பெயர் அக்யுமுலேட்டர். பெயர் நீளமாக இருந்ததால் நான் டீக்கடைக்குப் போய்விட்டேன். வடை அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது பாடம் முடிந்திருந்தது. கபூர் பாய் நோட்டை நீட்டினார். அப்புறம் பார்க்கிறேன் என்று திருப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பரீட்சை. மேடம் ரகசியமாக ஒரு கோளாறை வைத்திருப்பார், இருவர் இருவராகக் கண்டுபிடிக்க வேண்டும். குடும்பத்தாரும் வந்து பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் கௌரியிடம், உங்கப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தார். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினமான ஜூலை பதினாலு அணிவகுப்புக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கும் வெள்ளைக் கோட்டு, மார்பில் நாலு மெடல். முதல் வரிசையில், சரியாக மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

எனக்கும் கபூர் பாய்க்கும் வந்த கோளாறு எளிமையானது. சிலிண்டரின் தண்டு வெளியே வருகிறது, உள்ளே போக மறுக்கிறது. குழாயில் அடைப்பு என்று நான் பார்த்தவுடனேயே முடிவு செய்தேன். கபூர் பாய் வரிசையாகப் பார்க்கலாம் என்றார். நான் ஸ்பேனரை எடுத்தேன். சபையைப் பார்த்து நின்று, கையை உயர்த்தி, கச்சேரி முடிக்கிறவனைப் போல மோட்டார் ஸ்விட்சைத் தட்டி அணைத்தேன். மாமனார் லேசாகத் தலையசைத்தார். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவர் எனக்காகத் தலையசைத்தது அதுதான் முதல் தடவை. குழாய் நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்ப ஆரம்பித்தேன்.

“கேஜப் பாரு ஏழுமல,” என்றார் கபூர் பாய்.

மேனேஜருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்த மேடமும் திரும்பினார். “ஏழுமலை, நட்டைத் தொடாதீங்க.”

“மோட்டாரை நிறுத்தியாச்சு மேடம்,” என்று சொல்லிக்கொண்டே நட்டை இன்னும் அரைச் சுற்று திருப்பினேன்.

மோட்டார் நின்றாலும் அழுத்தத்தைத் தனக்குள் பிடித்து வைத்திருப்பதுதான் அந்தக் கறுப்புக் குடுவையின் ஒரே வேலை. நான் வடை தின்ற நேரத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் என் காதோரமாக உரசிக்கொண்டு கூரைக்குப் போனது. பயிற்சிக்கென்று மேடம் அழுத்தத்தைக் குறைவாக வைத்திருந்தார். எங்கள் பிரஸ் மெஷினாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

போன எண்ணெய் மின்விசிறியில் பட்டது. அதற்குமேல் நடந்ததெல்லாம் விசிறியின் பொறுப்பு. அது மேனேஜர், தொழிலாளி, பெண்டு பிள்ளை என்று பேதம் பார்க்காமல் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டது. மேசையில் வைத்திருந்த சர்டிஃபிகேட்டுகளுக்கும், மைசூர்பாகுத் தட்டுக்கும்கூடக் கிடைத்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். மாமனார் மட்டும் அசையவில்லை. குண்டு விழுந்தபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். எல்லாம் அடங்கியதும் கைக்குட்டையை எடுத்து மெடல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

“மெர்சி, மாப்ள,” என்று நன்றி சொன்னார்.

அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா, சாவதா என்று தெரியாமல் ஸ்பேனரோடு நின்றேன். பின்னால் கபூர் பாய் குடுவையின் சின்னக் கைப்பிடியைத் திருப்பி மிச்ச அழுத்தத்தை இறக்கினார், கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்தார், வால்வில் கழன்று கிடந்த ஒயரை மாட்டினார். கோளாறு அவ்வளவுதான். சூப்பர்வைசர் வேலையும் அவருக்குத்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆனது.

எல்லோரும் போன பிறகு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நிமிர்ந்தேன். என் கையைத் திருப்பிப் பார்த்து, எங்கும் குத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டார். எண்ணெய் தோலுக்குள் புகுந்தால் கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். “இனிமே இந்த கம்பெனியிலேயே கேஜ் பார்க்காம கைவைக்காத ஒரே ஆள் நீங்கதான்,” என்றார். அப்படியே ஆனது. ஓய்வு பெறும்வரை நான் ஒரு நட்டைத் தொட எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்றவர்கள் மெஷினையே பிரித்துப் பூட்டிவிடுவார்கள்.

வெள்ளைக் கோட்டு மூன்று தடவை வெளுக்கப் போனது. கறை மங்கியது, போகவில்லை. மாமனார் அடுத்த அணிவகுப்புக்கும் அதையே போட்டுக்கொண்டு போனார். பக்கத்தில் நடந்த இன்னொரு சொல்தா இது எந்தச் சண்டையில் பட்டது என்று கேட்டிருக்கிறார். “எம் மாப்ள நடத்துன சண்ட,” என்றாராம்.

வீட்டில் கௌரியும் நானும் சண்டை போடாத வாரம் கிடையாது. கத்துவாள், பிறகு சட்டென்று அமைதியாகிவிடுவாள். சரி, முடிந்தது என்று நான் காபியோடு பக்கத்தில் போவேன். “மோட்டார்தான் நின்னிருக்கு, கேஜப் பாத்துட்டு வாங்க,” என்பாள். பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தார்கள். எங்கள் பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம் தம்பதியாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஏதோ மனஸ்தாபம். அவள் அறைக்குள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மருமகன் கூடத்தில் கொஞ்ச நேரம் உலாத்தினார். கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

“மாமா, கேஜ் எவ்ளோ காட்டுது?”