நக்கோ சாரின் கோட்டிங் கடை

வியாபாரம் வேண்டாம் என்று சொல்வதற்காகவே ஷட்டரைத் தூக்குகிற கடைக்காரர் இந்த ஹைதராபாத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். குகட்பள்ளியில், ஹவுசிங் போர்டு வீடுகளுக்குப் பின்னால், கார் பெயிண்டுக்குப் பாதுகாப்புக் கோட்டிங் போடுகிற கடை அவருடையது. சொந்தப் பெயர் போர்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இந்த ஊர்ப் பேச்சில் ‘நக்கோ’ என்றால் வேண்டாம். வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் அவர் அதைத்தான் சொல்லுவார். ஆகவே நக்கோ சார்.

அங்கே துணி துவைப்பது என் வேலையாக இருந்தது. காரைத் துடைக்கிற மெத்தென்ற துணிகள். மஞ்சள் துணி பெயிண்டுக்கு, நீலம் கண்ணாடிக்கு, சாம்பல் நிறம் சக்கரத்துக்கு. புது ஆட்கள் முன்னால் எனக்கு வாயே திறக்காது. வீட்டுக்காரர் போன பிறகு நான் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் பேசச் சொன்னார்கள். இங்கே துவைத்தால் போதும். இந்த வேலை போனால் இன்னொரு வாய் பேசாத வேலைக்கு எங்கே போவது என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

வருகிறவர்களை நக்கோ சார் பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி விசாரிப்பார்.

“வண்டியை எங்க நிறுத்துறீங்க?”

“ரோட்டோரம், மரத்தடியில.”

“யார் கழுவுறா?”

“வாட்ச்மேன்.”

“எத்தனை துணி வச்சிருக்கான்?”

“ஒண்ணுதான் சார். அஞ்சு காருக்கும் அதேதான்.”

“நக்கோ! அவனுக்கு நல்ல துணியா ரெண்டு வாங்கிக் கொடுங்க. அதுதான் உங்க கோட்டிங். போய்ட்டு வாங்க.”

இன்னொருவர், கோட்டிங் போட்டால் கீறலே விழாதாமே என்று கேட்டுவிட்டார். சார் அவரைக் கையைப் பிடித்து மெயின் ரோடு வரை நடத்திக் கூட்டிப் போனார். அங்கே பைக்குகள் கார்களுக்கு நடுவில் நெளிந்து போய்க்கொண்டிருந்தன.

“பாத்தீங்களா? அந்த ஹேண்டில் உங்க கதவுல இழுத்தா எந்தக் கோட்டிங்கும் நிக்காது. இது கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு படலம். தண்ணி ஓடிரும், அழுக்கு ஒட்டாது, நிறம் சீக்கிரம் மங்காது. அவ்வளவுதான். சின்னச் சின்னக் கல் தெறிக்கிறதுக்குக் கனமா பிலிம் ஒட்டணும். இந்த பைக்குக்காரனுக்கு ஒண்ணும் ஒட்ட முடியாது. ரெண்டு வருஷத்துல வண்டியை வித்துருவீங்கல்ல?”

“ஆமா சார்.”

“அப்புறம் எதுக்குக் கோட்டிங்? வாங்கப் போறவனுக்கு இப்பவே மொய்யா?”

அப்படியானால் யாருக்குத்தான் போடுவார்? ஒரு டீச்சரம்மா வந்தார். வண்டியைப் பத்து வருஷம் வைத்துக்கொள்வேன், மூடின இடத்தில் நிறுத்துகிறேன், ஞாயிற்றுக்கிழமை நானே கழுவுவேன் என்றார். சார் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டார். அவருடைய சொந்தக் காரோ வெயிலில் நின்று நின்று மேல்கூரை வெளுத்து, தேமல் பிடித்த மாதிரி இருக்கும். கேட்டால், இந்த ஊர் ‘ஆமாம்’ போட்டு, “ஹவ், நானே தேறலை. என் வண்டி எப்படித் தேறும்?” என்பார்.

துணி விஷயத்தில் அவர் ஆசாரக்காரர். கீழே விழுந்த துணி செத்த துணி. ஒரு மண் பொடி போதும், பெயிண்டில் கோடு விழ. விழுந்தது மஞ்சளாக இருந்தாலும் அதற்குப் பிறகு சக்கரத்துக்குத்தான். வெயில் வெளிச்சத்தில் துணியைப் பிரித்துப் பிடித்து, பேன் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

போன மழைக்காலத்தில் கச்சிபௌலி ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு மதுரைப் பையன் கறுப்பு வண்டி கொண்டுவந்தான். விசாரணையில் தேறினான். வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து அம்மா செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்குகிறார், அதற்குள் வண்டி வேண்டும் என்றான். சார் ஹவ் என்றார்.

அந்த வாரம் முழுக்க மழை. துணி காயவில்லை. ஈர வாடை அடித்தது. வீட்டில் என் மகனுடைய சட்டையை அலசும்போது நான் ஊற்றுகிற பூ வாசனைத் திரவம் இருந்தது. நல்லதுதானே என்று மஞ்சள் துணிகள் அத்தனையையும் அதில் முக்கி எடுத்தேன்.

வியாழக்கிழமை காலை அந்தக் கறுப்பு வண்டி முழுக்கப் பட்டை பட்டையாக மேகம் படிந்திருந்தது. எண்ணெய்க் கையால் கண்ணாடியைத் தடவின மாதிரி.

சார் முதலில் மழையைத் திட்டினார். பக்கத்தில் கிரானைட் அறுப்பவனிடம் சண்டைக்குப் போனார். கோட்டிங் புட்டியை முகர்ந்தார். டியூப் லைட்டை மாற்றினார். எதுவும் இல்லை. மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. கடைசியில் என் வாளிக்குப் பக்கத்தில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, கை போச்சு. கோட்டிங் துடைச்சு எடுக்கறதுல இத்தனை வருஷத்துல ஒரு கோடு விட்டதில்லை. இனிமே கடையை மூடிர வேண்டியதுதான்.”

அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. என் கையில் இருந்த துணி அப்படி மணத்தது. பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும். ஆனால் அந்த மனுஷன் தன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“சார்,” என்றேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார், யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

“நான்தான் சார். துணியில வாசனைத் தண்ணி ஊத்தினேன்.”

“எந்தத் துணியில?”

“எல்லாத்துலயும்.”

ஒரு துணியை வாங்கி மூக்கில் வைத்தார். கண்ணை மூடினார். நான் என் பையை எடுத்துக்கொண்டேன்.

“அக்கா, அது துணியில பிசுக்கா நின்னுரும். அதால துடைச்சா கோட்டிங் பிடிக்குமா?” என்றவர், திடீரென்று எழுந்து நின்றார். “அப்போ என் கை நல்லாத்தான் இருக்கு!”

லாட்டரி விழுந்தவர் மாதிரி இரண்டு சுற்று சுற்றினார். பிறகு என் பையைப் பார்த்தார். “எங்க கிளம்பிட்டீங்க? சுடுதண்ணி வைங்க. எல்லாத்தையும் அலசணும்.”

சாயங்காலம் பையன் வந்தான். போட்டதை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார் சார்.

“என்ன சார் ஆச்சு? யார் தப்பு?”

“என் தப்பு. தப்புக்கு விலாசம் கேக்காதே தம்பி. அம்மாவைக் கூட்டிவர என் வண்டியை எடுத்துட்டுப் போ.”

அந்த அம்மா தேமல் பிடித்த காரில் போனார். மகன் புது வண்டி வாங்கினதாகச் சொன்னானே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனாராம்.

பழைய துணிகளில் பாதி சரியாயிற்று. சரியாகாதவற்றில் ஒன்றை சார் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். முகம் துடைக்க நன்றாக இருக்கிறதாம். முழங்கால் வலியால் இப்போது நான் வேலைக்குப் போவதில்லை. சனிக்கிழமை தோறும் அந்தத் துணி மட்டும் என் வீட்டுக்கு வருகிறது. மூடி நிறைய வாசனைத் திரவம் ஊற்றி, நிழலில் காயப்போட்டு, மடித்துக் கொடுத்தனுப்புகிறேன்.