டொட் கொம்முக்கு நல்ல நேரம்

“எடுத்துட்டாங்க தங்கச்சி” என்று லாபிர் கணினித் திரையைக் கோகிலாவின் பக்கம் திருப்பினார்.

“நேத்து சும்மா இருக்குன்னீங்களே!”

“நேத்து இருந்துச்சு. அப்பவே எடுங்கன்னேன். செவ்வாக்கிழமை ஆகாதுன்னு போயிட்டீங்க.”

கோகிலா சுடும் அதிரசத்துக்குக் கொழும்பிலிருந்துகூட ஆட்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவளுக்கோ தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சொந்தமாக முகவரியே கிடையாது. எந்தக் கடிதமும் தோட்ட ஆபீசில் ஆற அமரத் தூங்கி எழுந்துதான் வரும். சில சமயம் வேறொரு கோகிலாவின் வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் ‘கோகிலாபலகாரம் டொட் கொம்’ என்று தனக்கே தனக்கான ஓர் இணைய முகவரி கேட்டு, யட்டியாந்தோட்டையில் லாபிரின் கொமியூனிகேஷன் கடைக்கு நடையாய் நடந்தாள்.

“கவலைப்படாதீங்க, வால மாத்துவோம். கடிதத்துல ஊரு பேரு கடைசியிலதானே இருக்கு? ஆனா தபால்காரர் அதைத்தானே மொதல்ல பாப்பாரு? இதுவும் அப்பிடித்தான். டொட் எல்கேன்னா இலங்கை. அதுக்குள்ள கோகிலாபலகாரம் ஒன்னே ஒன்னுதான் இருக்க ஏலும்.”

“வேற கோகிலா வந்து கேட்டா?”

“குடுக்க மாட்டாங்க.”

கோகிலா திரையை எட்டிப் பார்த்தாள். உலகம் முழுக்க இத்தனை பேர், ஒரு முகவரி இன்னொன்றோடு முட்டுவதில்லை! இதை யோசித்தவன் கையைப் பிடித்து ஒரு கூடை அதிரசம் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

“எடுத்துருவோமா?”

“இன்னைக்கு அட்டமிங்க. நாளைக்கு நவமி. வெள்ளிக்கிழமை வாறேன்.”

வெள்ளிக்கிழமை டொட் எல்கேயும் போயிருந்தது.

“இதப் பாருங்க” என்று லாபிர் தட்டினார். கோகிலாபலகாரம், புள்ளி, இலங்கை. அத்தனையும் தமிழ் எழுத்து. கோகிலாவுக்குப் புல்லரித்தது. தன் பேர் தன் எழுத்திலேயே ஒரு முகவரியாக நிற்பதைப் பார்த்துக் கண்கூட லேசாகக் கலங்கியது. ஆனாலும் ராகு காலம் ராகு காலம்தானே?

“நாளைக்கு விடியவே வந்துர்றேன்.”

வீட்டில் கணவன் தினேஷ் விஷயத்தைக் கேட்டுவிட்டு மேலே கையைக் காட்டினான். லயத்தில் அறைக்கு அறை இருக்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

“ஜீவராணி!” என்று கோகிலா பல்லைக் கடித்தாள்.

பக்கத்து வீட்டு ஜீவராணியோடு குழாயடிச் சண்டைக்குப் பிறகு பேச்சே இல்லை. சட்டை தைத்து இணையத்தில் விற்பவள் அவள். போன வருடம் அவள் கடைப் பேரை யாரோ முந்திக்கொண்டு பதிந்துவிட, அவளுக்கு வந்த ஓடர்கள் எல்லாம் வேறெங்கோ போயின.

“அவளுக்குப் போன வயித்தெரிச்சல்ல எனக்கும் வேட்டு வைக்கிறா!”

“மெதுவாப் பேசு. இந்தத் தடவை எந்த வாலு?”

கோகிலா முன்னெச்சரிக்கையாக டீவியை அலற விட்டாள். அதில் அவள் சொன்னது தினேஷுக்கே கேட்கவில்லை.

“என்னா?”

“இலங்கை!”

“என்னாது?”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டீவி செத்தது.

“கோகிலாபலகாரம் புள்ளி இலங்கை!” என்று கோகிலா போட்ட சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை போய்த் திரும்பியது.

சனிக்கிழமை அதுவும் போயிருந்தது. லாபிர் உதட்டைப் பிதுக்கினார்.

கோகிலா கடையிலிருந்து நேரே ஜீவராணியின் வாசலுக்குப் போனாள். தைத்த சட்டைகளைக் கொடுக்க ஜீவராணி தெஹியோவிட்டைக்குப் போயிருந்தாள். அவள் கணவன் செல்லையா மட்டும் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

“எம் பேரத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க! மூனு பேரையும்! வெக்கமா இல்ல அவளுக்கு?”

செல்லையா தலையை நிமிர்த்தாமல் அடுத்த கொட்டையை எடுத்தான்.

“மூனையும் ஒங்க பேர்லதாங்க பதிஞ்சிருக்கா. நீங்க நல்ல நேரம் பாத்து முடிக்கிறதுக்குள்ள, அவளோடது போன மாதிரி ஒங்களோடதும் போயிருமாம்.”