எனக்கே சிவப்பு விழுந்து நிக்கிறன்

உலக ரயில்வே வரலாற்றை யாராவது ஒழுங்காக எழுதுவதென்றால், முதல் அத்தியாயத்தை யாழ்ப்பாணக் கடலில் கிடக்கும் எங்கள் நெடுந்தீவுக்குத்தான் ஒதுக்க வேண்டும். அங்கே தண்டவாளம் கிடையாது. ரயிலைக் கண்ணால் கண்டவர்களும் குறைவு. ஆனாலும் போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், எங்கள் இறங்குதுறை அலுவலகத்துக் கதிரையில் இருந்தபடியே நாளாந்தம் ரயில் ஓட்டிய ஒரு மேதை வாழ்ந்தார். 'கடற்பயண ஒழுங்கமைப்பு அதிகாரி' திரு. குலசிங்கம். நான் அவரை 'சேர்' என்று கூப்பிடும் உதவியாளன்.

வள்ளங்களுக்கு நேர அட்டவணை போடுவதற்காக ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் எங்களுக்குக் கணினி தந்தது. கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த சேரின் மைத்துனர் அதற்குள் ஒரு ரயில் விளையாட்டைப் போட்டுவிட்டுப் போனார். அட்டவணை அன்றைக்கே 'பிற்போடப்பட்டது'.

முதல் வாரம் ஒரு பெருந்துயரம் நடந்தது. வளைவில் நாற்பதில் போகச் சொல்லிப் பலகை இருந்தது. சேர் தொண்ணூறில் போனார். ரயில் கவிழ்ந்தது. அன்று அவர் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

"எத்தினை பேர் செத்தது சேர்?" என்று துக்கம் விசாரித்தேன்.

"அது காட்டேல்லை. ஆனா எட்டுப் பெட்டியும் கவிண்டுபோச்சு."

அதன் பிறகு அவர் புது மனிதர். மஞ்சளைக் கண்டால் மெதுவாக்குவார். சிவப்பைக் கண்டால் ரயிலோடு தன் மூச்சையும் நிறுத்துவார்.

இந்த ஒழுக்கம் தன்னோடு நின்றுவிடக் கூடாது என்று எண்ணியதுதான் அவருடைய பெருந்தன்மை. வள்ளக்காரரைக் கூட்டி ஒரு 'கலந்துரையாடல்' வைத்தார். கலந்தது யாருமில்லை, உரையாடியது அவர் மட்டும். அதன் பயனாக இறங்குதுறையில் சிவப்பு, பச்சை விளக்குகளோடு ஒரு கம்பம் எழுந்தது. கடலுக்குள் ஒரு மரத்தூணில் 'வேகம் 10' என்ற பலகையும் எழுந்தது. விளக்கின் சுவிச் சேரின் மேசையில் இருந்தது. பச்சை எரியாமல் ஒரு வள்ளத்தையும் விட வேண்டாமென்று கடற்படைக் காவலரணிலும் சொல்லிவைத்தார்.

வள்ளக்காரர் இராயப்புவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஐயா, சோளகக் காத்துப் பின்னாலை தள்ளினா வள்ளம் பத்துக்கு மேலை போகுமே. குற்றம் ஆரின்ரை?"

"காத்துக்கு ஒரு எச்சரிக்கை குடுப்பம்," என்றார் சேர். கூட்டம் இனிதே நிறைவுற்றது.

ஒருநாள் காலை டெனிஸ்ரன் என்ற மீனவன் இரைக்க இரைக்க ஓடிவந்தான். அவன் மனைவி அன்ரனிட்டாவுக்குத் தலைப்பிள்ளை. வலி தொடங்கிவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவமாது நிமலினி சொல்லிவிட்டார். அன்ரனிட்டாவை வள்ளத்தில் கிடத்தியாயிற்று. இராயப்பு எஞ்சினையும் இழுத்துவிட்டார். கம்பத்தில் மட்டும் சிவப்பு.

"ஐயா, பச்சையைப் போடுங்கோ!"

சேர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொறும் தம்பி. எனக்கே சிவப்பு விழுந்து நிக்கிறன்."

"அந்த ரயிலிலை ஆர் ஐயா இருக்கினம்?"

"பயணியள்."

"என்ரை மனுசி வள்ளத்திலை துடிக்கிறா!"

"உணர்ச்சிவசப்பட்டு ஒழுங்கை மீற ஏலாது. முதல்லை எனக்குப் பச்சை விழவேணும். பிறகுதான் உமக்கு."

நான் மெல்ல சுவிச்சை நோக்கிக் கையை நீட்டினேன். சேர் தட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து, அலுவலகத்துக்கு மின்சாரம் தந்த ஜெனறேற்றர் டீசல் முடிந்து, இருமி, நின்றது. திரை இருண்டது. கம்பத்துச் சிவப்பும் அணைந்தது. டெனிஸ்ரன் வாசலுக்குப் பாய்ந்தான்.

"நில்லும்!" என்று சேர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "எரியாத சிக்னலையும் சிவப்பெண்டுதான் எடுக்கவேணும். அது ரயில் விதி!"

டெனிஸ்ரன் நிற்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன். இறங்குதுறையில் காவலுக்கு நின்ற கடற்படைச் சிப்பாய் இருண்ட கம்பத்தைக் காட்டி, "பச்சை இல்லை, பச்சை இல்லை," என்று தனக்குத் தெரிந்த தமிழில் வள்ளத்தை மறித்துக்கொண்டிருந்தான். அன்ரனிட்டாவின் அலறல் துறை முழுக்கக் கேட்டது. டெனிஸ்ரன் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அன்ரனிட்டாவுக்கு வெயில் படாமல் குடை பிடித்திருந்த நிமலினி சட்டென்று எழுந்தார். குடையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். குடை பச்சை.

சிப்பாய் குடையைப் பார்த்தான். அன்ரனிட்டாவைப் பார்த்தான். "பச்சை!" என்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டினான். டெனிஸ்ரன் வள்ளத்தில் குதித்தான். வேகப் பலகையை அவர்கள் எந்த வேகத்தில் கடந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. எழும்பிய அலையில் பலகை தூணோடு சரிந்ததை மட்டும் கண்டேன்.

பொழுதுபடச் செய்தி வந்தது: சத்திரசிகிச்சை, பெண்பிள்ளை, இருவரும் சுகம். சேருக்கோ கவலை தீரவில்லை. 'அங்கீகாரமற்ற குடை'யைப் பற்றி விசாரணை வேண்டுமென்று மேலிடத்துக்கு அறிவித்தார்.

மேலிடம் விசாரித்தது. குலசிங்கம் சேரின் காலத்தில் ஒரு கடல் விபத்தும் நடக்கவில்லை என்று கண்டு வியந்தது. அவருக்கு 'பாதுகாப்பான பயணக் காவலர்' விருது. இறங்குதுறையிலேயே பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், தட்டச் சொல்லியிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து வந்த பிரதம விருந்தினர் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, சபையைப் பார்த்து உருக்கமாகக் கேட்டார்: "இந்த மனிசன் எத்தினை உயிரைப் பத்திரமாக் கரை சேர்த்திருப்பார், சொல்லுங்கோ பாப்பம்?"

சேர் அடக்கத்தோடு தலை குனிந்தார். பின்வரிசையில் கைப்பிள்ளையோடு இருந்த அன்ரனிட்டா எழுந்து நின்றாள்.

"அவரைக் கேளாமல் வெளிக்கிட்ட அத்தினை பேரையும், ஐயா."