மூக்கில் மூன்றாவது எஞ்சின்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். உங்கள் மகனும் என் மகளும் இந்த வரியை எழுதுகிற நிமிடம் வரை நலம். தங்கள் ரத்த அழுத்தமும் சம்பந்தியம்மாளின் முழங்காலும் சொன்னபடி கேட்கின்றன என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் "அப்புறம்?" என்று கேட்கிற வேகத்தில் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால் கடிதம்.

விஷயம் மாப்பிள்ளையைப் பற்றியது. பெரிய விமான நிறுவனத்தின் பணிமனை வேலையை அவர் விட்டதிலிருந்து நீங்கள் அவரோடு பேசுவதில்லை. அதில் நான் தலையிட வரவில்லை. ஆனால் விட்டுவிட்டு என்ன செய்கிறார் என்று உங்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமே! எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓடுதளத்து ஓரம், புல்லுக்குள், என்னைவிட வயதான ஓர் இரட்டை எஞ்சின் விமானம் கிடந்தது. இறக்கைக்குள் குருவிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அதை வாங்கி, பழைய எஞ்சின்கள் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு டர்பைன் எஞ்சின் பொருத்துகிறார். "இருந்ததுக்கு என்ன குறை மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "அது குடிக்கிற பெட்ரோல் இப்ப எங்கயும் சரியா கிடைக்கறதில்ல மாமா. உதிரி பாகமும் இல்ல. டர்பைன் கனம் குறைவு, மண்ணெண்ணெய் மாதிரி ஒண்ணுல ஓடும், இழுவையும் ஜாஸ்தி" என்றார். நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். மறுவாரமே, புது எஞ்சின்கள் லேசாக இருப்பதால் முன்பக்கம் கனம் போதவில்லை, வால் இழுக்கிறது என்றார். மற்றவர்கள் இதற்கு மூக்கை நீட்டுவார்களாம், இல்லாவிட்டால் ஈயக்கட்டி வைப்பார்களாம். உங்கள் மகனோ, "ஈயத்தை எதுக்கு மாமா சும்மா சுமக்கணும்? அந்த இடத்துல இன்னொரு எஞ்சினை வச்சா அதுவும் சேர்ந்து இழுக்கும்ல?" என்று மூக்கில் மூன்றாவதாக ஒன்றை வைக்கக் கிளம்பிவிட்டார். இதற்கு முன்னால் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று கேட்டேன். "ஒண்ணு ரெண்டு பேர் செஞ்சிருக்காங்க." "அப்புறம் ஏன் எல்லாரும் செய்யல?" "அதான் எனக்கும் புரியல மாமா." சம்பந்தி, நான் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 'எனக்கும் புரியல' என்ற வார்த்தைக்குப் பிறகு என்னென்ன நடக்கும் என்று படித்துப் படித்தே தலை நரைத்தவன்.

நடந்ததைக் கேளுங்கள். பழைய காலத்தில் அந்த விமானத்துக்கு வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதை எடுத்துவிட்டு மூக்குக்கு அடியில் ஒன்று வைத்திருக்கிறார். வால் அந்தரத்தில் நிற்கிறது. மூக்கு எஞ்சின் இன்னும் ஏற்றப்படவில்லை. அந்த நேரம் பார்த்து அனுமதி கொடுக்கிற அதிகாரி, கூட இரண்டு பேரோடு பார்வையிட வந்தார். வந்தவரைத் தனியாக விடுவது மரியாதையில்லை என்று நானும் பின்கதவு வழியாக அவரோடு ஏறினேன். நாலு பேரும் உள்ளே போய் நின்று, அதிகாரி "நல்லா விசாலமா இருக்கே" என்று சொல்லி வாய் மூடவில்லை, தரை சாய ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், ரொம்பப் பதவிசாக, மூக்கு மேலே போக வால் கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது. நான் சறுக்கிப் போய்க் கடைசிச் சுவரில் சாய்ந்தேன். அதிகாரி சறுக்கி வந்து என் மடியில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற பிறகு ஓர் அரசு அதிகாரி என்னை இவ்வளவு நெருங்கியது அதுதான் முதல் தடவை. வெளியே இருந்து என் மகள் குரல்: "யாரும் பதறாதீங்க. ஒவ்வொருத்தரா முன்னாடி தவழ்ந்து வாங்க. அப்பா, நீங்க அப்படியே இருங்க, நான் சொல்றப்ப வந்தா போதும்." "நான் ஏம்மா கடைசி?" "நீங்க திடீர்னு நகர்ந்தா மூக்கு தரையில மோதும்பா." இத்தனை பேர் முன்னால் என் உடம்பைப் பற்றி இதைவிடக் கௌரவமாகச் சொல்லியிருக்க முடியாது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அது போகட்டும். போன வாரம் மூன்று எஞ்சினையும் ஓட்டிப் பார்த்தார்கள். இந்த டர்பைன் விசிறிக்கு இதழைத் திருப்பிவிட்டால் காற்றை முன்னால் தள்ளுமாம், விமானம் பின்னால் போகுமாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்னால் நிற்பது ஆபத்து என்று விவரமாகப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தேன். பிறகு ஓடினேன். இந்த வயதில் என்னால் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பது என் மனைவிக்கே ஆச்சரியம்.

இதையெல்லாம் சிரிப்பதற்காக எழுதவில்லை சம்பந்தி. அடுத்த வாரம் அது பறக்கப்போகிறது. ஓட்டப்போவது என் மகள். அவள் சரக்கு விமானம் ஓட்டிப் பழகியவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இது இதுவரை பறக்காத பொருள். "பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன். "இருக்குப்பா. அதனாலதான் அவர் முடுக்கின ஒவ்வொரு போல்ட்டையும் நானும் ஒரு தடவை பார்த்தேன்" என்றாள். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் படகு போகாத தீவுகளுக்கு மருந்து கொண்டுபோகலாம், நோயாளியை ஏற்றி வரலாம், அங்கே இருக்கிற குட்டை ஓடுதளத்தில் பெரிய விமானம் இறங்காது, புது விமானம் வாங்க நமக்கு வக்கில்லை என்று மாப்பிள்ளை காரணம் சொல்கிறார். எல்லாம் நல்ல காரணம். நல்ல காரணத்துக்காக நடந்த விபத்துகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று அவர் இறக்கை நிழலில் உட்கார்ந்து கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "மாமா, எங்கப்பா ஏதாச்சும் கேட்டாரா?" என்றார். "கேட்டாரே, நல்லா கேட்டாரே" என்றேன். நீங்கள் கேட்டது, 'அவன் இன்னும் அந்த ஓட்டை உடைசலைத்தான் கட்டிக்கிட்டு அழறானா?' என்பது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே என் வேண்டுகோள் இது. என் மகள் என் பேச்சைக் கேட்கமாட்டாள். உங்கள் மகனும் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார், ஆனால் வருத்தப்படுவார். வருத்தப்பட்டால் வேலை நிற்கும். எனக்கு அது போதும். தயவுசெய்து அவரைக் கூப்பிட்டு, இந்த விமானம் பறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு எங்கள் ஆசி. எல்லாரும் எப்போதும் தரையில் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அடுத்த வாரம் என்று என்னிடம் சொன்னது பொய். இன்று காலையே பறக்கவிட்டார்கள். காற்று நன்றாக இருந்ததாம். என்னிடம் சொன்னால் நான் நன்றாக இருக்கமாட்டேனாம். சத்தம் கேட்டு வேலிக்கு ஓடினேன். மாப்பிள்ளை புல்லில் ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நீங்க பாத்துச் சொல்லுங்க மாமா, என்னால முடியல" என்றார். நடுவானில் மூக்கு விசிறி சுற்றுவது நின்றுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு, "ரெண்டு போதும், ரெண்டு போதும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவள் ஒரு வட்டம் அடித்து, இரண்டு எஞ்சினோடு, பூனை குதிப்பதுபோல் இறங்கினாள். "இறங்கிட்டா மாப்பிள்ளை" என்றேன். அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவள் இறங்கி வந்து, "எரிபொருள் குழாய்ல காத்து புகுந்திருக்கும், சாயந்திரம் பாத்துக்கலாம். ஆனா என்னமா ஏறுது தெரியுமா!" என்றாள். மாப்பிள்ளை போனை எடுத்தார். உங்கள் பெயரை வரவழைத்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். தடுக்க வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். கூப்பிட்டு, "எஞ்சின் எப்படி ஓடுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குமேல் நீங்கள் ஒன்றும் பேச வேண்டியிருக்காது. அவரை நிறுத்துவதுதான் கஷ்டம்.