வேகம் கூடிய ரவுட்டரும் மரநாயின் பசியும்

ஒரு காட்டில் என்று ஆரம்பித்தாலே சிங்கம் எங்கே என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் சிங்கம் கிடையாது. இருந்திருந்தால் அதுவும் ஒரு மூலையில் உட்கார்ந்து போனைத்தான் நோண்டிக்கொண்டிருக்கும். நம் காட்டில் இருந்தது ஓர் இருவாச்சித் தம்பதி. கணவன் ஏகாம்பரம், மனைவி செங்கமலம்.

இருவாச்சிப் பறவைகளுக்கு ஒரு குடும்ப வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் மனைவி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். வாசலை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துவிடுவார்கள். மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சமிருக்கும். புருஷன் பழம் பழமாகக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். இது பெண்ணடிமைத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. உள்ளே இருப்பவள் வாயைத் திறந்தால் அத்திப்பழம் வருகிறது, வெளியே இருப்பவனுக்கு இறக்கை கழன்று விழுகிறது. யார் அடிமை என்று ஏகாம்பரத்தைத்தான் கேட்க வேண்டும்.

அந்த மரத்தில் ஒரு ரவுட்டரும் இருந்தது. மரத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பறவை பேசும் என்று ஒத்துக்கொண்டுதானே கதை கேட்க உட்கார்ந்தீர்கள், கரண்டையும் ஒத்துக்கொள்ளுங்கள்.

மரத்தடியில் மாசாணம் என்று ஒரு மரநாய் குடியிருந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர். மரமேறுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அதன் நகத்துக்கு அந்த மண்சுவரெல்லாம் அப்பளம். ஆனால் வைஃபை வந்த நாளிலிருந்து மாசாணம் மரமேறுவதையே மறந்துவிட்டது. வேரில் சாய்ந்துகொண்டு ஒரு சீரியலைப் பார்க்கும். நெட்டோ படுமந்தம். சீரியலில் மாமியார் மருமகளை அறையக் கையை ஓங்குவாள், அத்தோடு திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். காலையில் ஓங்கிய கை மதியம்வரை அப்படியே நிற்கும். அடி விழுமா விழாதா என்று மாசாணம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பசித்தால், மேலேயிருந்து உதிர்கிற அத்திப்பழத்தைப் பார்க்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும்.

எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். செங்கமலத்துக்குத்தான் பொறுக்கவில்லை. அவளுடைய அம்மா அடுத்த மலையில் இருந்தாள். வீடியோ கால் போட்டால் அம்மா வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பாள். அந்தக் காட்சி ஏகாம்பரத்துக்கு ஒரு வகையில் நிம்மதி. ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மனைவி கீறல் வழியாக மூக்கை நீட்டி, எங்கம்மா என்ன சொன்னாங்கன்னே தெரியல, இந்தப் பெட்டிக்கு ஒரு வழி பண்ணுங்க, இல்லாவிட்டால் பழம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பழம் வேண்டாம் என்றால் அது சும்மா பேச்சில்லை. ஏகாம்பரம் கைலாசத்தைத் தேடிப் போனது.

கைலாசம் ஒரு சிங்கவால் குரங்கு. மலைக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் அசந்த நேரத்தில் ஒரு லேப்டாப்பைத் தூக்கிவந்து, அன்று முதல் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகிவிட்டது. ரவுட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. இந்தப் பெட்டிக்குள்ளே அதை ஆட்டிவைக்க ஃபர்ம்வேர் என்று ஒன்று இருக்கிறது, கம்பெனிக்காரன் வேண்டுமென்றே அதை நொண்டியாக்கி அனுப்பியிருக்கிறான், அதை வழித்துப் போட்டுவிட்டு வெளியாட்கள் எழுதிய நல்ல ஃபர்ம்வேரை ஏற்றினால் பெட்டி பறக்கும் என்றது. ஏகாம்பரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பறக்கும் என்ற வார்த்தை மட்டும் பிடித்திருந்ததால் சரி என்றது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குரங்கு கை வைத்தது, பெட்டி நாசமாகியிருக்கும் என்றுதானே? அப்படி இல்லை. குரங்கு வேலையை ரொம்பச் சுத்தமாகச் செய்தது. நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது. வினையே அதில்தான் வந்தது.

வீடியோ காலில் மாமியாரின் முகம் பளிச்சென்று தெரிந்தது, பேச்சும் இடைவிடாமல் வந்தது. அதை ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு, பல் இல்லாததால் மூக்கைக் கடித்துக்கொண்டு, சகித்தது. மரத்தடியில்தான் நிலைமை மோசமானது. ஓங்கிய கை சட்டென்று விழுந்தது. மருமகள் அழுதாள், வீட்டைவிட்டுப் போனாள், பணக்காரியாகத் திரும்பி வந்தாள், மாமியாரின் காலில் விழுந்தாள், சுபம். மாசாணம் வேறு சீரியல் பார்த்தது, அதுவும் தீர்ந்தது. இருக்கிற எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, போனைக் கீழே வைத்து, உடம்பை முறுக்கிச் சோம்பல் முறித்து, எத்தனையோ காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தது.

"என்ன மச்சான், அக்கா உள்ளயே இருக்காங்க? முட்டை வச்சிருக்காங்களோ?" என்று கேட்டது.

அது வெறுமனே நலம் விசாரிக்கிற குரல் இல்லை. உள்ளே இருந்தது ஒரே ஒரு முட்டை. செங்கமலத்துக்கோ இறகெல்லாம் உதிர்ந்து, பறக்க முடியாத நேரம். முட்டையெல்லாம் இல்லை, அவளுக்குக் கொஞ்சம் மூட்டு வலி என்று ஏகாம்பரம் ஏதோ உளறிவிட்டுக் கைலாசத்திடம் ஓடியது. பழைய நெட்டே வேண்டும், வட்டம் சுற்ற வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றது.

கைலாசத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்லா ஓடுகிற பெட்டியை யாராவது கெடுப்பார்களா, எனக்கு மனசு வராது என்று திரும்பி உட்கார்ந்துகொண்டது. ஏகாம்பரம் அழுதே விட்டது. அப்புறம்தான் குரங்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. கம்பெனியின் பழைய ஃபர்ம்வேரை எடுத்து உள்ளே அனுப்பப் பார்த்தால், புது ஃபர்ம்வேர் அதை வாசலிலேயே நிறுத்தி, இந்தக் கோப்பு செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. வேறு வழியில்லாமல் கம்பெனிக்குப் போன் போட்டார்கள்.

கஸ்டமர் கேரில் எடுத்தது ஒரு தேவாங்கு. அது வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஏகாம்பரம் போய் ஒரு நடை பழம் கொண்டுவந்து ஊட்டிவிட்டது. ஆனால் விஷயம் தெரிந்த தேவாங்கு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து அதற்கு உரிய ஃபர்ம்வேரை மட்டும் எடுக்க வேண்டும், மாற்றி ஏற்றினால் பெட்டிக்குக் கருமாதிதான் என்றது. பெட்டியையும் லேப்டாப்பையும் கேபிளால் இணைக்க வேண்டும், ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கரண்ட் கொடுக்க வேண்டும், விளக்கு வேகமாகக் கண்ணடிக்கும்வரை பொத்தானை விடவே கூடாது, அதன்பின் கோப்பை அனுப்பலாம் என்றது. கடைசியாக, அதற்கப்புறம் உள்ளே வேலை நடக்கும், யாரும் தொடாமல் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது.

ரீசெட் பொத்தான் ஒரு சின்ன ஓட்டைக்குள் இருந்தது. ஏகாம்பரத்தின் மூக்கு நுனிதான் அதற்குச் சரியாகப் பொருந்தியது. கைலாசம் கரண்டைப் பிடுங்கி மறுபடி கொடுத்தது. பிடுங்கிய நொடியே நெட் போய்விட்டது. மரத்தடியில் மாசாணம் போனைத் தட்டிப் பார்த்தது, உதறிப் பார்த்தது, தூக்கி எறிந்தது. அப்புறம் மரத்தில் ஏற ஆரம்பித்தது.

ஏகாம்பரத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூக்கை எடுத்தால் பெட்டி போச்சு, எடுக்காவிட்டால் முட்டை போச்சு. கத்தலாம் என்றால் வாயும் அதே மூக்குதான். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. கைலாசம் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உச்சிக் கிளைக்குப் போய்விட்டது. கேபிள் மட்டும் நீளமாகத் தொங்கியது.

மாசாணம் பொந்தருகே வந்து மண்சுவரில் நகத்தை வைத்தது. அப்போது கீறலுக்குள்ளிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது.

"தம்பி, அந்த மருமக கடைசில மாமியார் கால்ல விழுந்தாள்ல, எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

மாசாணத்தின் நகம் நின்றது. எதுக்கு என்று கேட்டது.

"அவ கைல ஒரு சின்னப் பொட்டலம் இருந்துச்சு. விழுற மாதிரி விழுந்து, அதைப் பிரிச்சு, மாமியாரோட..." என்று சொன்ன செங்கமலம் அப்படியே நிறுத்திவிட்டாள். கீறல் வழியாகத் தெரிந்த மூக்கு பாதி திறந்தபடி அசையாமல் நின்றது. கண் இமைக்கவில்லை. தலை மட்டும் மெல்ல வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது.

மாசாணம் கோபப்படவில்லை. அதற்கு இது பழகிய விஷயம். கிளையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, கை தானாகப் பக்கத்திலிருந்த அத்திப்பழத்தைத் தேட, அவள் தலையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

ரவுட்டரின் விளக்கு கண்ணடித்தது. ஏகாம்பரம் மூக்கை எடுத்தது. கைலாசம் உச்சியிலிருந்தே கோப்பை அனுப்பியது. உள்ளே வேலை நடக்கிறது, யாரும் தொடாமல் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவாச்சிக்கு அதற்கு ஒரே வழிதான் தெரியும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்தது. ரவுட்டரைப் பக்கத்துப் பொந்துக்குள் வைத்து வாசலைப் பூசி அடைத்தது. விளக்கு தெரிய ஒரு கீறல் விட்டது. பழக்கதோஷத்தில் அதற்குள் ஒரு அத்திப்பழத்தையும் ஊட்டியது. கைலாசம் மேலேயிருந்து தலையில் அடித்துக்கொண்டது.

விளக்கு நிலையாக எரிந்தது. பழைய ஃபர்ம்வேர் திரும்பிவிட்டது. பழைய மந்தத்தோடு மண்சுவர் மந்தமும் சேர்ந்ததில் நெட் முன்பைவிடப் பிரமாதமாக நொண்டியது. வீடியோ காலில் மாமியார் வாயைத் திறந்தபடி உறைந்தாள். செங்கமலம் கீறல் வழியாக மூக்கை நீட்டிப் பழம் வாங்கிக்கொண்டாள். மாசாணம் கீழே இறங்கி, எறிந்த போனை எடுத்து, அந்தப் பொட்டலம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள சீரியலின் கடைசிப் பகுதியை மறுபடி போட்டது. வட்டம் சுற்றியது. பார்த்துப் பார்த்துப் பொறுமை போய், நெட் சரியில்லை என்று கஸ்டமர் கேருக்கே போன் செய்தது. லைனிலேயே இருங்கள் என்று தேவாங்கு சொன்னது.

மாசாணம் லைனிலேயே இருந்தது. முட்டை பொரிந்தது. குஞ்சுக்கு இறகு முளைத்தது. சுவர் உடைந்து செங்கமலம் வெளியே வந்தாள். குஞ்சு முதல் தடவை பறக்கப் பார்த்துத் தடுமாறி, நேராக மாசாணத்தின் மடியிலேயே வந்து தொப்பென்று விழுந்தது. மேலே தாய்க்கும் தகப்பனுக்கும் உயிரே போய்விட்டது.

மாசாணம் போனைக் காதிலிருந்து எடுக்காமல், குஞ்சை ஒரு கையால் தள்ளிவிட்டது.

"அந்தப் பக்கம் போய் விளையாடு பாப்பா. லைன்ல இருக்கேன்."

நீதி: கெட்டவன் திருந்தமாட்டான். நெட் மெதுவாக இருந்தால் காத்திருப்பான்.