மிளகாய்ப் புகையில் அழுத ஊர்

அன்புள்ள மருமகன் எலியாசருக்கு, நம் ஊர் உரெஸிலிருந்து உன் தாய்மாமன் திரினிதாத் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. உன் அப்பா எவுலாலியோவை அடக்கம் செய்துவிட்டதால் அவரை மட்டும் கழித்துக்கொள்ளவும். எல்லைக்கு அப்பால் துசோனில் நீ சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

"அந்த மனுஷனுக்காக ஒருத்தராவது அழுதிருந்தா சொல்லுங்க மாமா, ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். சொல்கிறேன். ஊரே அழுதது.

ஊர் வந்ததென்னவோ கறிக்குத்தான். வாய்க்காலை மறித்து அக்கம்பக்கத்துச் சோளத்தைக் கருக விட்டவர், பெற்ற பிள்ளையான உன்னையே மழையில் தள்ளிக் கதவைச் சாத்தியவர், யாருக்கும் ஒரு வாய் காப்பி கொடுக்காதவர், அவருடைய காளையையே வெட்டிச் சமைக்கிறார்கள் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபமாலை சொல்ல வந்த கிழவி கசில்டாவிடம், கொஞ்சம் அழுது ஆரம்பித்து வையுங்கள் என்று கெஞ்சினேன். "அழறதுக்குத் தண்ணி வேணுமே. அதைத்தான் அவன் வாய்க்கால்லயே மறிச்சுட்டானே" என்றாள்.

கறி விடியலிலிருந்து சீமைக்கருவேல விறகில் பூண்டோடு வெந்துகொண்டிருந்தது. புகையில் உலர்த்திய மிளகாயைச் சும்மா வாட்டி எடுத்து ஊறவைத்து அரைத்து ஊற்றணும், அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை. அந்த நேரம் பார்த்து நாய் ஒரு தொடையெலும்பை இழுத்துக்கிட்டு ஓட, நான் அதைத் துரத்த, திரும்பி வந்தா கல்லுல மிளகாய் கரிக்கட்டையாயிருக்கு, புகை மொத்தமும் முன்னறைக்குள்ள போயிருச்சு. இருமல், தும்மல், மூக்குச்சிந்தல், கசில்டா நெஞ்சுல அடிச்சுக்கிறா, உள்ளே வந்த பாதிரியார் இத்தனை கண்ணீரையும் பார்த்து, "இவரை இவ்வளவு நேசிச்சீங்களா"ன்னு கேட்டு அவரும் அழுதார். அவருக்கும் புகைதான். ஒருத்தராவது எழுந்து வெளியே போகணுமே, போனா தட்டு கிடைக்காதேன்னு பயம்.

உங்கம்மா மட்டும்தான் அழலை. அந்தப் புகைக்கு நடுவுல நின்னு, கருகினதைக் கொட்டிட்டு வேற மிளகாயை வாட்டி, அரைச்சு, கறி எலும்பை விட்டுக் கழண்டு சாறு கெட்டியாகிற வரைக்கும் கிண்டினா. கண்ணு கூடக் கலங்கலை. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமா இருந்துச்சு. வந்தவங்க சிவந்த கண்ணோட மறுபடியும் மறுபடியும் வாங்கி, தொர்த்தியா ரொட்டியால தட்டைத் துடைச்சுத் தின்னுட்டுப் போனாங்க.

ஆகவே, பொய் சொல்லி உன்னை வரவழைக்க எனக்கு மனமில்லை. உன் அப்பாவுக்காக யாரும் அழவில்லை. நீ வரவேண்டிய அவசியமில்லை. நீயும் உன் வீட்டாரும் நீண்ட ஆயுளோடு இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமன் திரினிதாத்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக் கொல்லைப்பக்கம் போனேன். உன் அம்மா அம்பாரோ, கழுவிக் கவிழ்த்த கறிச்சட்டி பக்கத்தில் உட்கார்ந்து சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. என்னக்கா என்று கேட்டேன். "மிளகா எரியுதுடா தம்பி" என்றாள். அடுப்பு அன்றைக்கே அணைந்துவிட்டது, மருமகனே. புறப்பட்டு வா.