மூன்றாவது பாட்டு தெரிந்தவன்

தெரிந்த ஒன்றை வாய்க்குள் வைத்திருக்க எனக்குத் தெரியாது. இதனால் ஒரு கல்யாணமே கைவிட்டுப் போனது.

பெங்களூரில், வைட்ஃபீல்ட் போகும் கம்பெனி பஸ் பழைய மெட்ராஸ் ரோட்டில் நகராமல் நின்ற ஒரு காலையில்தான் அந்த ஆல்பம் கண்ணில் பட்டது. சினிமாவே வேண்டாமென்று, தானே எழுதி, தானே மெட்டமைத்து, பிரேசர் டவுனில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பாடியிருந்தாள் ஒரு பெண். ஒன்பது பாட்டு. ஒவ்வொன்றிலும் யாரையாவது வெளுத்து வாங்கியிருந்தாள். அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேனேஜர் முதல் தண்ணீர் கேன் போடுபவர் வரை எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன். (தண்ணீர் கேன்காரர் என்னை பிளாக் செய்துவிட்டார்.)

அந்தச் சமயத்தில்தான் ஜோகுபாளையத்தில் பெண் பார்க்கப் போனோம். பெயர் வித்யா. காபி கொடுக்கும்போது ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். இவள்தான் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன். காலை ஆட்டாமல் உட்காரப் படாத பாடு பட்டேன்.

எந்த வீட்டிலும் கேட்பதை என் அத்தை அங்கேயும் கேட்டார். "பொண்ணு பாடுமா?"

வித்யா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். அத்தை தொடையில் தாளம் போட்டார். பெண்ணின் அப்பாவும் உருகிப்போய் உட்கார்ந்திருந்தார். 'பார்த்தது' என்ற ஒரு சொல்லைத் தாண்டவே அரை நிமிடம் ஆனது. எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு!

"எந்தச் சாமி மேலம்மா?" என்றார் அத்தை.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"சாமி பாட்டே இல்ல அத்தை! 'பார்த்தது போதும், எழுந்து போங்கள்'னு பொண்ணு பாக்க வந்தவங்கள வெரட்டுற பாட்டு. ஆல்பத்துல செம ஸ்பீடா இருக்கும்!" டீப்பாயில் தட்டியும் காட்டினேன். டம்ளர்கள் குதித்தன.

"நிஜானாம்மா?" என்றார் வித்யாவின் அப்பா. (பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.) பாட்டு சொன்னபடியே அத்தை எழுந்துவிட்டார்.

செருப்பு மாட்டும்போது வித்யா வாசலுக்கு வந்தாள். "ஆறு பேர்கிட்ட பாடியிருக்கேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. நீங்க கண்டுபிடிச்சு, போட்டும் குடுத்துட்டீங்க. இனிமே நான் எதைப் பாடுறது?"

அங்கேயாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பிடித்திருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"அஞ்சாவது பாட்டுங்க," என்றேன். "இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடினா யாருக்கும் புரியாது."

அப்போதுதான் சிரித்தாள், என் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நம்பி, மீட்டிங்கில்கூட போனைக் கீழே வைக்காமல் இரண்டு வாரம் அலைந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. சாம்பார்க் கையோடு, எல்லோர் எதிரிலும் அழுத்தினேன்.

"அஞ்சாவது பாட்டு சூப்பரா வேலை செஞ்சுது. ரொம்ப தேங்க்ஸ்ண்ணா!"

அத்தைக்குப் புரையேறியது.

பிறகு வேறிடத்தில் எனக்குக் கல்யாணமாகி, ஒரு மகளும் இருக்கிறாள். இன்றும் எங்கள் கார் ஜோகுபாளையம் பக்கம் திரும்பினால், என் மனைவி முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்பாள்:

"இவ்ளோ தூரம் வந்துட்டோம், நாத்தனார் வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?"